மஞ்சள் கோடு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை அந்த வண்டியைக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு வந்தார் என்று சொல்ல முடியாது. தெருமுனை வரை ஓட்டி, என் பட்டறைக்குத் திரும்புகிற இடத்தில் இன்ஜின் நின்றுபோய், கடைசி ஐம்பதடி தள்ளிக்கொண்டு வந்தார். வேர்த்து விறுவிறுத்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கு மாமா?"

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, ஓரங்களில் திட்டுத்திட்டாகப் பூசிய கருநீலப் பெயின்ட். வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் இருபத்தொன்பது வருஷமாக மெக்கானிக். மகனாக இருந்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். மாப்பிள்ளையை என்ன கேட்பது?

"லட்சணமா இருக்கு" என்றேன்.

"எட்டு ஒம்பது வருஷமா ஒரு ஷெட்டுல சும்மா நின்ன வண்டி மாமா. ஒரே ஒரு தொந்தரவுதான். இடது பக்கம் திருப்பினா ஒழுங்கா போகுது. வலது பக்கம் திருப்பினா இன்ஜின் ஆஃப் ஆயிடுது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். ஞாயித்துக்கிழமை மலைமேல போகலாம்னு இருக்கோம். அவதான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

அவள் என்றால் என் மகள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறையில் வந்து உட்கார்ந்து, பாடப் புத்தகத்தைவிட கார்புரேட்டரை அதிகம் பார்த்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாமல் இந்த வண்டியை மாப்பிள்ளை வாங்கியிருக்க முடியாது. என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்த வேலை.

"விட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை. என் கை பட்ட வண்டி திரும்பி வராது."

இது நான் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை. வாய்க்குப் பழகிப்போனது. சொல்லிக்கொண்டே பானெட்டைத் தூக்கினேன்.

கிராம்பு வாசனை வந்தது.

நாள்பட நின்ற வண்டியில் எலி செத்த நாற்றம் வரும். கெட்டுப்போன பெட்ரோல் நாற்றம் வரும். கிராம்பு எண்ணெய், அதுவும் பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைப்பார்களே, அந்தக் காரமான வாசனை வந்து நான் பார்த்ததில்லை. பழைய சொந்தக்காரர் எதையாவது கொட்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அன்று முழுக்க, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு யாரும் செய்யாமல் விட்ட வேலைகளைச் செய்தேன். ஆயில் தார் மாதிரி கெட்டியாக இருந்தது. ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. ரேடியேட்டரில் இருந்து செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தது. டைமிங் பெல்ட்டை மடக்கிப் பார்த்தால் உள்பக்கம் பூராவும் வெடிப்பு. அது ஓடும்போது அறுந்திருந்தால் இன்ஜினைத் தூக்கிக் காயலான் கடையில்தான் போட வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினேன். பிளக், பெட்ரோல் குழாய், பிரேக் ஆயில், ஒன்றையும் விடவில்லை. ஓட்டப்போவது என் பெண்.

எனக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒரு போல்ட்டை முழுசாக முறுக்கி முடித்த பிறகுதான், அதன் தலையில் இருந்து பக்கத்து இரும்பு வரை தீக்குச்சியால் பெயின்ட் தொட்டு ஒரு கோடு இழுப்பேன். கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் சந்தேகமே வராது. இன்னொன்று, வண்டியில் ஏதாவது ஒரு வேலை பாதியில் நின்றால், ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் பட்டறையை விட்டு வெளியே போவேன். துணி கட்டிய வண்டியை என் மனைவிகூடத் தொடமாட்டாள். இந்த இரண்டையும் பார்த்துத்தான் ஊரில் என்னை நம்புகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்தேன். முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சுத்தமான சத்தம். தெருவைச் சுற்றிவரக் கிளம்பினேன். இடது பக்கம் திருப்பினேன், ஒன்றுமில்லை. வலது பக்கம் திருப்பினேன்.

நின்றது.

ஸ்டீயரிங் தண்டோடு போகும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் உரசல் இல்லை, முறிவு இல்லை. பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறது. பெட்ரோல் வருகிறது. இரண்டும் இருந்தால் இன்ஜின் ஓடியே தீர வேண்டும். வலது பக்கம் திருப்பினால் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மனிதன் அடம் பிடிக்கலாம், இரும்புக்கு என்ன வந்தது?

மதியம் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். தகரக் கூரைமேல் விழுகிற மழையைத் தவிர வேறு சத்தம் கிடையாது. கதவைப் பாதி சாத்திவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் இன்ஜினுக்குள் ஏதோ தட்டுவது கேட்டது.

டக். டக். டக்.

பிறகு ஓர் இடைவெளி.

டக். டக். டக்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் இன்ஜின் தட்டினால் அதன் ஓட்டத்தோடு சேர்ந்துதான் தட்டும். ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் வேகமாகத் தட்டும், விட்டால் மெதுவாகத் தட்டும். இது எதற்கும் மசியவில்லை. மூன்று தட்டல், ஓர் இடைவெளி. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அதன் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால், எந்த இடத்தில் சத்தம் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இன்ஜினின் மேல்மூடியில் வைத்தேன், சத்தம் தூரத்தில் கேட்டது. பின்னால் நகர்த்தினேன், பக்கத்தில் வந்தது. இன்ஜினைத் தாண்டி, ஓட்டுபவர் உட்காரும் பக்கம், ஸ்டீயரிங் தண்டு கீழே இறங்கிச் சேருகிற ஜாயின்ட்டுக்கு வந்தேன். அங்கே காதைக் குடைந்தது.

அங்கே ஓடுகிற பாகம் எதுவும் கிடையாது. இரண்டு தண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகி, ஒரே ஒரு போல்ட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

கை நீட்டிச் சாவியை அணைத்தேன். இன்ஜின் நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரைக் காதில் இருந்து எடுக்க வேண்டும் என்று தோன்றியது. கை வரவில்லை. கிராம்பு வாசனை மூக்கில் ஏறியது. தட்டல் ஓய்ந்த அந்த இடைவெளியில், இரும்பின் வழியாக, என் காதுக்குள், யாரோ மிகவும் அன்பாகக் கேட்டார்கள்.

"இங்க வலிக்குதா?"

ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. சாப்பிடாத மயக்கம், காலையில் இருந்து பெட்ரோல் புகை, எல்லாம் சேர்ந்துகொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த ஜாயின்ட்டைப் பார்க்காமல் மனசு கேட்கவில்லை. கருவிப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். நீளக் கைப்பிடியில் சின்ன வட்டக் கண்ணாடி, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பது. எட்டாத இடத்தைப் பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

அதைக் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். என்னுடைய பழைய வாடிக்கையாளர்.

காருக்குள் தலைகீழாகப் படுத்து, பெடல்களுக்கு மேலே கையை விட்டு, டார்ச் அடித்து, ஜாயின்ட்டுக்குப் பின்னால் கண்ணாடியைக் காட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிமேல் ஆவி படிந்திருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப நீட்டினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நடுவில் இருந்து ஓரம் வரை, மறுபடியும் ஆவி படிந்தது. பிறகு குறைந்தது. பிறகு படிந்தது.

என் வாய் இரண்டடி தள்ளி இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆவி விலகிய ஒரு நொடியில் போல்ட்டின் தலை தெரிந்தது. அதன்மேல் பழைய, மங்கிய மஞ்சள் கோடு.

நான் இப்போது வெள்ளை பெயின்ட்தான் போடுகிறேன். மஞ்சளை விட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது. மஞ்சள் சரியாக ஒட்டுவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். வெளியே வந்து கதவின் உள்மடிப்பில் நகத்தால் சுரண்டினேன். கருநீலத்துக்கு அடியில் வெள்ளை.

அந்தப் பல் டாக்டரின் வண்டி வெள்ளை நிறம். இதே மாடல். இந்த மாடலில் அப்போது ஊரில் நாலைந்து வண்டிகள் ஓடின, அதனால் எனக்குச் சந்தேகம் தட்டவில்லை. டாக்டர் தங்கமான மனுஷன். வண்டியை விட வரும்போதெல்லாம் பானெட்டை நகத்தால் மூன்று தடவை தட்டி, வண்டியிடமே "இங்க வலிக்குதா?" என்று கேட்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "உங்களுக்கும் எனக்கும் ஒரே வேலைதான், வெளிச்சம் போகாத இடத்துல எட்டிப் பாக்கறது" என்று சொல்லித்தான் அந்தக் கண்ணாடியைக் கொடுத்தார்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டீயரிங் தண்டைக் கழற்றி மாட்டுகிற வேலை. டாக்டரும் பக்கத்தில் இருந்தார். எல்லாம் முடிந்து, கடைசியாக அந்த ஒரு போல்ட். விரலால் திருகி உட்காரவைத்துவிட்டேன். இடது கையில் பெயின்ட் தொட்ட தீக்குச்சி, வலது கையில் ஸ்பேனர். அப்போது போன் அடித்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து. மகள் படியில் விழுந்து தாடை கிழிந்து ரத்தம் நிற்கவில்லையாம். அவளுக்கு அப்போது பத்து வயது. பதறிப்போனேன். கையில் இருந்த பெயின்ட் வீணாகக் காய்ந்துவிடுமே என்று, யோசிக்காமல், கோட்டை முதலில் இழுத்துவிட்டேன். வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று ஓடினேன். சிவப்புத் துணி கட்டவில்லை.

டாக்டர்தான் பின்னால் இருந்து கத்திச் சொன்னார். "தாடைன்னா பல்லையும் பாக்கணும். திங்கக்கிழமை குழந்தையை என்கிட்ட கூட்டிட்டு வாங்க, நான் தட்டிப் பாக்கறேன்."

தாடையில் ஐந்து தையல். மறுநாள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு இருந்தது. கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஒரு வலது பக்க வளைவில் அவர் வண்டி திரும்பவே இல்லையாம். நேராகப் போய்ச் சுவரில் மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். தூங்கிவிட்டார் என்றார்கள், வேகம் என்றார்கள். யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முறுக்கினேனா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை என்று சொல்லிச் சொல்லி, அதை நானே பாதி நம்பவும் ஆரம்பித்திருந்தேன். வண்டியை யாரோ வாங்கி, முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, வேறு பெயின்ட் அடித்து, ஸ்டீயரிங்கை அதே போல்ட்டோடு மாட்டியிருக்கிறார்கள். இன்று அது என் மகளுக்காக என் பட்டறைக்கே வந்து நிற்கிறது.

போல்ட்டை விரலால் தொட்டேன். சுற்றியது. விரலாலேயே.

அதை முழு பலத்தோடு முறுக்கினேன். மஞ்சளைத் துடைத்து எடுத்துவிட்டு, வெள்ளைக் கோடு இழுத்தேன். ஓட்டிப் பார்த்தேன். வலது பக்கம் திரும்பியது. நிற்கவில்லை. தட்டல் இல்லை, வாசனையும் இல்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கால் தரையில் பாவாமல் நின்றார். "மாமா, கை ராசின்னா உங்க கை ராசிதான்!"

"வேலை இன்னும் முடியல மாப்பிள்ளை. பெல்ட் மாத்தணும்."

மகள் குனிந்து பார்த்தாள். "புது பெல்ட் போட்டிருக்கீங்களேப்பா."

"ரேடியேட்டர் ஒழுகுது."

அவள் தரையைப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை. "உங்களுக்கு இந்த வண்டி பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க. எதுக்கு சுத்தி வளைக்கறீங்க?"

சொல்லியிருக்கலாம். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பாளே! இருபத்தொன்பது வருஷத்துப் பேர், அவள் என்னைப் பார்க்கிற பார்வை, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விடும். "ஞாயித்துக்கிழமை காலையில பாக்கலாம்" என்று மழுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக ஜாயின்ட்டைத் தொட்டேன். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

மஞ்சள். ஈரம் காயாத மஞ்சள்.

என் பட்டறையில் மஞ்சள் பெயின்ட் டப்பா கிடையாது. பூட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் சுவடுகூட இல்லை. போல்ட் தளர்ந்து, விரலால் தட்டினால் சுழன்றது.

அந்த போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜாயின்ட்டையே மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று ஓர் அசட்டுத்தனமான நம்பிக்கை. ஊருக்கு வெளியே காயலான் கடையில் இதே மாடல் ஜாயின்ட் கிடைக்கும். வண்டியை யாரும் எடுக்காமல் இருக்க, பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டேன். சிவப்புத் துணியைக் கையில் எடுத்தேன். கட்டப்போனேன்.

கட்டினால் மகள் பார்ப்பாள். என்ன வேலை பாதியில் நிற்கிறது என்று குடைவாள். துணியை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினொன்றரைக்கு ஜாயின்ட்டோடு திரும்பினேன். பட்டறை காலியாக இருந்தது.

உள்ளே ஓடினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்க?"

"இப்பதான் ஒரு மணி நேரம் இருக்கும், ரெண்டு பேரும் வந்து எடுத்துட்டுப் போனாங்க. நாளைக்கு மழையாம், அதான் இன்னைக்கே மலைக்குப் போறாங்களாம்."

"சாவியை ஏன் குடுத்த?"

"துணி கட்டலையே. மாப்பிள்ளை கேக்கறாரு, நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

அவள்மேல் தப்பு இல்லை. போல்ட் இல்லாவிட்டாலும், சொருகிய பிடியிலேயே ஸ்டீயரிங் கொஞ்ச தூரம் வேலை செய்யும். எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்தது. எடுத்தார்.

"மாமா! மேல ஏறிட்டு இருக்கோம். அவதான் ஓட்டறா. ஸ்பீக்கர்ல போடறேன்."

"அம்மாடி, வண்டியை நிறுத்து."

"அப்பா, பேட்டரி ஒயரைக் கழட்டி வெச்சா எங்களுக்கு மாட்டத் தெரியாதா?" சிரித்தாள். "இங்க ஓரமே இல்ல. முன்னாடி ஒரு வளைவு வருது, அதைத் தாண்டி நிறுத்தறேன்."

"எந்தப் பக்கம் வளைவு?"

"வலது."

"தாண்டாத! ஸ்டீயரிங்ல போல்ட் இல்ல. நான் கழட்டிட்டேன்."

"நேத்து பெல்ட்டுன்னீங்க. அப்புறம் ரேடியேட்டர்னீங்க. இப்ப போல்ட்டா? போல்ட்டைக் கழட்டிட்டு சிவப்புத் துணி கட்டாம விடுற ஆளாப்பா நீங்க?"

அவள் குரலில் இருந்தது நம்பிக்கை. சின்ன வயதில் இருந்து என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. அதுதான் அவளை அந்த வளைவுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"விட்டிருக்கேன்" என்றேன். "இதுக்கு முன்னாடியும் விட்டிருக்கேன். இதே போல்ட்டை முறுக்காம, முறுக்கினதா கோடு போட்டுக் குடுத்தேன். ஒரு மனுஷன் செத்துட்டாரு அம்மாடி. இதே வண்டியில. நான்தான் கொன்னேன்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போனில் கேட்டது.

டக். டக். டக்.

இன்ஜின் சத்தம் நின்றது. டயர்கள் சரளைக் கல்லில் தேய்ந்தன. அதன் பிறகு எதுவுமே இல்லை. என் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கியது நினைவிருக்கிறது. "அம்மாடி! அம்மாடி!" என்று நான் கத்தியது தெருவே கேட்டிருக்கும்.

"அப்பா." மெல்லிய குரல். "வண்டி தானா நின்னுடுச்சுப்பா. நான் பிரேக்கே போடல."

பைக்கில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. பதினாலு வருஷமாக நான் அந்தப் பாதையில் கால் வைத்ததில்லை. வளைவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒட்டுப்போட்டுக் கட்டிய சுவர், அதில் பழைய கற்களும் புதிய கற்களும் சேருகிற கோணலான விளிம்பு. சுவருக்குப் பத்தடி முன்னால் கருநீல வண்டி நின்றிருந்தது. மாப்பிள்ளை அதைத் தொடப் பயந்து தள்ளி நின்றார். சாவி அவர் கையில் இருந்தது. மகள் மைல்கல்மேல், வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஜாயின்ட்டுக்குத்தான் போனேன். குனிந்து கையை விட்டேன்.

போல்ட் இருந்தது.

ஸ்பேனரை வைத்து முழு பலத்தோடு இழுத்தேன். மயிரிழைகூட நகரவில்லை. என் வாழ்நாளில் நான் ஒரு போல்ட்டை அவ்வளவு நேர்த்தியாக முறுக்கியதில்லை. அதன்மேல் ஈரமான மஞ்சள் கோடு. சட்டைப் பைக்குள் கையை விட்டேன். காலி. பையின் துணி மட்டும் நெஞ்சுவரை மஞ்சளாகக் கசிந்திருந்தது.

மகள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் திரும்பவில்லை.

"அது எப்படிப்பா முறுக்காம விட்டீங்க? நீங்க?"

"ஒரு போன் வந்துச்சு. அவசரமா ஓட வேண்டியதாயிடுச்சு."

"என்ன போன்?"

அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாரத்தை அவள் தலையில் எதற்கு ஏற்றுவது? "ஞாபகம் இல்ல" என்றேன்.

பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "வண்டி நின்னப்ப ஒரே கிராம்பு வாசனை. அப்புறம் என் முன்பல்லை யாரோ தட்டினாங்கப்பா. மெதுவா. மூணு தடவை."

அவள் என் பக்கம் திரும்பினாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது.

அவள் தாடையில், பத்து வயதில் போட்ட தையலின் வெள்ளைத் தழும்புக்குக் குறுக்கே, ஈரமாக மின்னியது ஒரு மஞ்சள் கோடு. தழும்பில் ஆரம்பித்துப் பக்கத்துத் தோல் வரை நீண்ட கோடு. தீக்குச்சியால் இழுத்தது.

என் கண் போன இடத்தை அவளும் தொட்டாள். விரலைப் பார்த்தாள். தழும்பைத் தடவினாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அப்பா" என்றாள். "அன்னைக்கு வந்த போன் என் பள்ளிக்கூடத்துல இருந்தா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்குப் பின்னால், மூடிய பானெட்டுக்கு அடியில், யாரோ பொறுமையாகத் தட்டினார்கள். மூன்று தடவை. பிறகு ஓர் இடைவெளி விட்டார்கள்.